ஒற்றைக் கொம்பு வாழ்த்து

கர்ணம் கணக்கில் அம்சத்தின் வீடு ஒரு வைக்கோல் போர்.

அந்த வைக்கோல் போரில் அவள் பதினெட்டு வருஷமாகக் குடியிருந்தாள். அதற்குள்தான் அடுப்பு மூட்டினாள், மழைக்கு நாலு இடத்தில் சட்டி வைத்தாள், பொன்னுத்தாயைப் பெற்றாள். எதுவும் கணக்கில் ஏறவில்லை. 'பஞ்சநதம் பண்ணை, வாய்க்கால் கரைக் கொல்லை, வைக்கோல் போர் ஒன்று' என்று அடங்கல் பதிவேட்டில் வருஷா வருஷம் ஒரே கையெழுத்தில் ஒரே வரி. கர்ணம் ஒருநாளாவது நேரில் வந்து பார்த்திருந்தால், போரிலிருந்து புகை கிளம்புவதைக் கண்டு தீயணைக்க ஆள் அனுப்பியிருப்பார். நல்லவேளையாக அவர் வரவில்லை.

எழுபத்தொன்றாம் வருஷம் ஜூன் மாதம் யார் எந்த மனையில் குடியிருந்தார்களோ அந்த மனை அவர்களுக்கே என்று சென்னையில் சட்டம் போட்டார்கள். சட்டத்தை வரவேற்று வாய்க்கால் மதகில் இரண்டு கட்சிக்காரர்களும் எழுதினார்கள். மதகு ஒன்றுதான். ஆகவே கிழக்குப் பக்கம் ஒரு தலைவரும் மேற்குப் பக்கம் இன்னொரு தலைவரும் வாழ்க. நடுவில் இருந்த தண்ணீர் வழக்கம்போலப் பண்ணையார் பஞ்சநதத்தின் வயலுக்குப் போனது.

அம்சத்தின் புருஷன் வீரையனுக்காக மனு எழுதிக் கொடுத்தவன் விவசாயத் தொழிலாளர் சங்கத்துக் காத்தான். மனு நன்றாகத்தான் இருந்தது. ஆதாரம்தான் இல்லை. ரேஷன் கார்டு கொடுத்தது எழுபத்திரண்டில். வாக்காளர் பட்டியலில் பேர் இருந்தது. ஆனால் அதில் அம்சம் அறுபத்தோரு வயது ஆண். பண்ணை வக்கீல் அந்தப் பெரியவரைக் கூட்டிவரச் சொன்னார். பஞ்சநதம் தரப்பில் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: இந்தக் குடும்பம் எழுபத்திரண்டு கோடையில் வந்து கொல்லையில் குடிசை போட்டது, அதற்கு முன்னால் அங்கே இருந்தது வைக்கோல்.

எழுபத்தைந்து மாசியில் விசாரணை. அதற்கு எட்டு நாள் முன்னால் காத்தான் வந்தான். வாசலில் குனிந்து நுழையும்போது, கதவுக்குப் பதில் தொங்கிய காகித மணித் திரையின் சரம் ஒன்று அவன் காதில் மாட்டிக்கொண்டது.

"அண்ணி, நல்லா யோசிங்க. எழுபது, எழுபத்தொண்ணுல உங்க பேருக்குத் தபால் ஏதாச்சும் வந்திருக்கா? விலாசமும் முத்திரையும் இருந்தாப் போதும். வக்கீல் வாயை அடைச்சுடலாம்."

வீரையன் திரையைப் பார்த்தான். அம்சம் அடுப்பைப் பார்த்தாள்.

"எங்களுக்கு யாரு தபால் போடுவா," என்றாள்.

"ஏ புள்ள," என்றான் வீரையன்.

"சும்மா இருய்யா."

காத்தான் காதிலிருந்து சரத்தை எடுத்துவிட்டான். அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

*

வைக்கோல் போருக்குத் தபால் கொண்டுவந்த ஒரே அரசு ஊழியர் மூஸா. வருஷத்துக்கு ஒருமுறை, பொங்கலை ஒட்டி, வாய்க்கால் பாலத்தில் சைக்கிளை நிறுத்தி "அம்சம், தபால்!" என்று கூப்பிடுவார். அவள் பேரை உரக்கச் சொன்ன அரசாங்கக் குரல் அது ஒன்றுதான்.

அனுப்புவது பொன்னுத்தாய். ஆறாம் வகுப்பிலிருந்து திருவாரூரில் விடுதியில் தங்கிப் படித்தவள். டிராயிங் தாளைக் கார்டு அளவுக்கு வெட்டி, ஒரு பக்கம் படம் போட்டு, மறுபக்கம் பாதியில் வாழ்த்தும் பாதியில் விலாசமும் எழுதி, தபால்தலை ஒட்டிப் பெட்டியில் போடுவாள். போட்டுவிட்டுத் தானும் லீவுக்கு பஸ் ஏறிவிடுவாள். பெரும்பாலும் அவள் முந்தி வருவாள், வாழ்த்து பிந்தி வரும். தன் வாழ்த்தைத் தானே மூஸாவிடம் வாங்கி, தானே உரக்கப் படித்துக் காட்டுவாள்.

"கையிலயே கொண்டாந்திருக்கலாமுல்லடி?" என்று அம்சம் கேட்டிருக்கிறாள்.

"தபால்ல வந்தாத்தாம்மா வாழ்த்து. கையில கொண்டாந்தா அது வெறும் படம்."

எழுபதில் சூரியன்; மஞ்சள் பொடியைக் குழைத்துப் போட்டது. எழுபத்தொன்றில் பஞ்சநதத்தின் மயிலைக் காளை, உடம்புக்குச் சாம்பல், கொம்புக்குச் செம்மண். எழுபத்திரண்டில் துணிக்குப் போடும் சொட்டு நீலத்தில் ஒரு வீடு. எழுபத்துமூன்றில் பானை. விலாசம் மட்டும் பால்பாயிண்ட் பேனாவில் இருக்கும், மழையில் நனைந்தாலும் மூஸா மாமாவுக்குத் தெரிய வேண்டுமென்று. விலாசம் நீளம்: 'அம்சம், க/பெ வீரையன், பஞ்சநதம் ஐயா கொல்லைக்கு மேற்கே, வாய்க்கால் கரை, பூவரச மரத்து வீடு.'

எழுபத்துமூன்று கோடை லீவில் பார்த்தால், கூரையில் செருகி வைத்த வாழ்த்துகளில் சூரியனைப் பூச்சி ஒரு மூலை தின்றிருந்தது. விடுதிக் கைவேலை வகுப்பில் பழைய வாழ்த்து அட்டையில் மணி சுற்றச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். பொன்னுத்தாய் கத்தரிக்கோலை எடுத்தாள்.

"நீ போட்டதை நீயே கத்தரிக்கிறியாடி?" அம்சம் சூரியனைக் கையால் மூடிக்கொண்டாள்.

"இப்படியே வெச்சா பூச்சி திங்கும். சுத்திட்டா திங்காது. கூரையில செருகி வெச்சா எப்பப் பாப்பே? வாசல்ல தொங்கவுட்டா தினம் தொட்டுக்கிட்டே போவே, வருவே. நமக்குக் கதவும் இல்லே."

ஒவ்வொரு கார்டையும் ஒரு முனை அகலமாகவும் மறுமுனை கூராகவும் பதினாலு கீற்றாக வெட்டினாள். அகல முனையை ஈர்க்குச்சியில் வைத்துப் படம் வெளியே தெரியும்படி இறுக்கிச் சுற்றி, கூர் முனையில் புளியங்கொட்டைப் பசை தடவிக் கட்டைவிரலால் அழுத்தி, நூறு எண்ணும் வரை பிடித்திருந்தாள். குச்சியை உருவினால் ஒரு மணி. சாக்கு நூலில் ஒரு மணி, ஒரு நாணல் துண்டு, ஒரு மணி. மஞ்சள், நீலம், சிவப்பு எல்லாம் கலந்து பதினோரு சரம். வைக்கோல் போருக்கு வாசல் திரை வந்துவிட்டது. வீரையன் அன்று அதன் வழியே தேவையில்லாமல் நாலு தடவை போய்வந்தான்.

அந்த ஐப்பசியில் விடுதியிலிருந்து ஒரு கார்டு வந்தது. பொங்கலுக்கு முன்னால் வருகிறதே என்று அம்சம் சந்தோஷப்பட்டாள். மூஸா அதற்குள் காலமாகிவிட்டிருந்தார். புதுத் தபால்காரன் படித்தான். வார்டன் எழுதியது. காமாலை, கண் மஞ்சளாகிவிட்டது, உடனே வரவும். உடனேதான் போனார்கள். மூன்று நாள் இருந்தாள். பதினாலு வயது.

*

காத்தான் போனபிறகு வீரையன் திரையின் சரங்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தான். மறுநாள் பேசினான்.

"எல்லாத்தையும் பிரிக்கச் சொல்லலே. எழுபத்தொண்ணும் எழுபத்திரெண்டும். சட்டத்துக்கு முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு. நடுவுல நாம எங்க போயிருப்போம்னு கேக்கலாமுல்ல?"

"அவ சுத்தினதுய்யா."

"தெரியும். மனையைப் புடுங்கிட்டா இதை எந்த வாசல்ல கட்டுவே? ரோட்டுல கட்டுவியா?"

அம்சம் அவன் கஞ்சியில் உப்பை அள்ளிப் போட்டாள். அவனும் குடித்தான்.

விடிந்ததும் அவனை வயலுக்கு விரட்டிவிட்டுத் திரையைக் கழற்றினாள். படிக்கத் தெரியாதே தவிர எந்த மணி எந்த வருஷம் என்று அவளுக்குத் தெரியும். நீலம் எழுபத்திரண்டு. சாம்பலும் செம்மண்ணும் எழுபத்தொன்று. இருபத்தெட்டு மணிகளையும் பிரித்து முறத்தில் போட்டாள்.

முதல் நீல மணியை உலரவே பிரித்தாள். கிழிந்தது. பிறகு அரிசி கொதிக்கும் பானை மூடியைக் கொஞ்சம் நகர்த்தி, வருகிற ஆவியில் ஒவ்வொன்றாகக் காட்டினாள். பசை இளகி, கூர் முனை தானாகவே எழும்பியது. அந்த முனையில் பழுப்பாகக் காய்ந்து கிடந்த பசையில் ஒரு சின்னக் கட்டைவிரல் ரேகை. அம்சம் மணியை ஆவியிலிருந்து எடுத்தாள். ஆனால் எடுப்பதற்குள் ரேகை வழவழவென்று ஆகிவிட்டிருந்தது. அடுத்ததிலும் ரேகை இருந்தது. அதற்கடுத்ததிலும். அவள் அதன்பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு கையை மட்டும் ஆவியில் நீட்டினாள்.

விலாசம் அப்படியே இருந்தது. தபாலாபீஸ் முத்திரை அசையவே இல்லை, அரசாங்க மை. வாழ்த்து மட்டும் பேனா மையில் எழுதியது. காளையின் பின்பக்கத்து வரிகளாவது பரவாயில்லை. நீல வீட்டின் பின்பக்கம் நாலு வரி ஒன்றோடொன்று கலந்து வாய்க்கால் தண்ணீர் நிறத்துக்குப் போய்விட்டது. அவள் அதை வெயிலில் காட்டினாள். காய்ந்தது. வரிகள் திரும்பவில்லை.

கீற்றுகளை அட்டையில் ஒட்டினால் ஒரு பக்கம் மறைந்துவிடும். ஆகவே பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஊசி நூலால் சாக்குத் தைக்கிற மாதிரி தைத்துச் சேர்த்தாள். காளையின் வயிற்றில் பதிமூன்று தையல்.

*

தாலுகா ஆபீசில் மின்விசிறி ஓடியது. ஓடியது என்பதைச் சத்தத்தை வைத்துத்தான் சொல்ல முடியும்.

பஞ்சநதம் வெள்ளை வேட்டியில் பெஞ்சியில் உட்கார்ந்திருந்தார். முன்பெல்லாம் 'டேய் வீரையா' என்பவர், ஆட்சி மாறியதிலிருந்து 'ஏம்ப்பா வீரையா' என்கிறார். வீரையனும் சங்கக் கூட்டத்தில் 'பஞ்சநதம்' என்று பேர் சொல்லி முழங்குவான். நேரில் பார்த்தால் துண்டு தானாகத் தோளிலிருந்து இறங்கி 'ஐயா' என்று வந்துவிடும். மாற்றம் இரண்டு பக்கமும் பாதி பாதி வந்திருந்தது.

தாசில்தார் கார்டுகளைப் புரட்டினார். "இது என்னம்மா?"

"பொங்கல் வாழ்த்துங்க. எம்மவ போட்டது."

"ஏன் தைச்சிருக்கு?"

"மணியா சுத்தி வெச்சிருந்தோமுங்க. பிரிச்சுத் தைச்சேன்."

தாசில்தார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். அவர் சர்வீசில் இப்படி ஒரு ஆவணம் வந்ததில்லை. பண்ணை வக்கீல் எழுந்தார்.

"ஜனவரியில் ஒரு தபால் வந்தால் ஜூனில் ஆள் இருந்ததாக ஆகுமா? கொல்லைக்கு மேற்கே, பூவரச மரத்து வீடு என்றுதான் இருக்கிறது; கொல்லையில் என்று இல்லை. ஊரில் ஐம்பது பூவரசு. தவிரவும், இந்த இரண்டாவது அட்டையைப் பாருங்கள். வீட்டின் படம். நல்ல பெரிய கதவு, தாழ்ப்பாள் உள்பட. மனுதாரர் குடிசையில் கதவே கிடையாது என்பது எங்கள் தரப்பும் அவர்கள் தரப்பும் ஒத்துக்கொண்ட விஷயம். ஆகவே இது வேறு யாருடைய வீடோ."

அம்சம் வாயைத் திறந்தாள். காத்தான் வேண்டாமென்று கையமர்த்தினான்.

வக்கீல் காளைப் படத்தையும் தூக்கிக் காட்டினார். "இதுவும் அதுபோல ஒரு குழந்தையின் கற்பனை. ஒற்றைக் கொம்பில் ஒரு மாடு!"

"கற்பனையா?" என்றது ஒரு குரல்.

எல்லோரும் திரும்பினார்கள். பஞ்சநதம் எழுந்து நின்றிருந்தார்.

"கொஞ்சம் இப்படிக் கொடுங்க." வக்கீல் கையிலிருந்து வாங்கி, கண்ணுக்குக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். "நம்ம மயிலை! தாடையைப் பாரு, அதேதான். ஆனா தப்பாப் போட்டிருக்கா. ஒடிஞ்சது வலது கொம்பு. இவ இடதை எடுத்துட்டா."

"ஐயா, உட்காருங்க," என்றார் வக்கீல் பல்லிடுக்கில்.

"என்னங்க உட்கார்றது? மாடு என்னுது. எந்தக் கொம்புன்னு எனக்குத் தெரியாதா? ஏம்ப்பா வீரையா, நீயே சொல்லு. வலதுதானே?"

வீரையன் துண்டு இறங்கியது. "வலதுதாங்க ஐயா."

"பாத்தீங்களா?"

தாசில்தார் பேனாவைக் கையில் எடுத்தார். அவர் அப்பாவும் மாடு வைத்திருந்தவர்.

"நல்ல மாடா?"

"அப்படி ஒரு மாடு இனிமே பொறக்காதுங்க. வண்டியில போறப்ப மதகுல இடிச்சுக் கொம்பு போச்சு. அதுக்கப்புறமும் உழவுல முன்னத்தி ஏர் அதுதான். எழுபத்தொண்ணு ஆடியில அடைப்பான் நோவு வந்து போயிடுச்சு."

"ஆடி. அதாவது ஜூலை, ஆகஸ்ட். அதுவரைக்கும் எங்கே கட்டியிருந்தீங்க?"

"வேற யாரு கையிலயும் தீனி திங்காதுங்களே. இந்த வீரையன் வீட்டு வாசல்ல, பூவரசு மரத்துலதான் கெடந்துச்சு. இந்தப் பொண்ணு அம்சம்தான் தண்ணி காட்டும்."

வக்கீல் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"வைக்கோல் போருக்கு வாசல் இருந்ததா?" என்று தாசில்தார் கேட்டார். முகத்தில் சிரிப்பில்லை.

பஞ்சநதம் கார்டைப் பார்த்தார், தாசில்தாரைப் பார்த்தார். தான் சொன்னது என்னவென்று அப்போதுதான் அவருக்கே கேட்டது போலிருந்தது. பொய் சொல்லிச் சமாளித்திருக்கலாம். ஆனால் அதற்கு மயிலை வேறெங்கோ கட்டிக்கிடந்தது என்று சொல்ல வேண்டும். அவர் உட்கார்ந்துவிட்டார்.

*

பத்து நாளில் உத்தரவு வந்தது. மூன்று சென்ட் மனை வீரையன் குடும்பத்துக்கு. காத்தான் சங்கக் கொடியோடு வந்து கோஷம் போட்டான். மதகில் இரண்டு கட்சிக்காரர்களும் இதற்குத் தாங்களே காரணம் என்று எழுதினார்கள்.

முத்திரையை யாரும் பார்க்கவில்லை. நீல வீட்டையும் வக்கீல் தவிர யாரும் பார்க்கவில்லை. அதைப் பிரித்திருக்கவே வேண்டாம் என்று அம்சத்துக்குத் தோன்றியது. வீரையனுக்கும் தோன்றியிருக்க வேண்டும். அதனால்தான் மீதிச் சரங்களை அவனே வாசலில் திரும்பக் கட்டினான்.

கார்டுகளைத் திருப்பி வாங்க அவள் தனியாகத் தாலுகா ஆபீஸ் போனாள். பதிவறையில் எழுத்தர் அப்துல் வஹாப் இருந்தார். காதோரம் நரைத்த, மெதுவாகப் பேசுகிற மனிதர்.

"தாக்கல் பண்ணின ஆவணம் திரும்ப வராதும்மா. கோப்பு நிரந்தரப் பதிவுக்குப் போயாச்சு."

"நிரந்தரம்னா எத்தினி நாளு பாய்?"

"நீயும் நானும் போனப்புறமும் இருக்கும்."

"அங்க பூச்சி திங்காதா?"

அவர் அலமாரியை ஒருமுறை பார்த்தார். "வேணும்னா நகல் போட்டுத் தர்றேன்," என்றார்.

நகல் என்றால் கையால் எழுதுவது. அப்துல் வஹாப் கோப்பைப் பிரித்து, கார்டுகளை எடுத்து வைத்து, முழு வெள்ளைத்தாளில் எழுத ஆரம்பித்தார். எழுதியதை அவளுக்காக வாய்விட்டுப் படித்தார்.

"ஆவணம் ஒன்று. காளை மாட்டின் படம். கொம்பு ஒன்று. உடலில் நூல் தையல் பதிமூன்று. ஆவணம் இரண்டு. கூரை வீட்டின் படம், நீல நிறம். கதவு ஒன்று."

"தொறந்திருக்கும் பாய், கதவு."

அவர் கார்டைத் தூக்கிப் பார்த்தார். 'திறந்த நிலையில்' என்று சேர்த்துக்கொண்டார்.

"பின்பக்கம். அன்புள்ள அம்மா அப்பாவுக்குப் பொங்கல் வாழ்த்து. பிறகு நான்கு வரிகள்..." சாய்த்து வைத்துப் பார்த்தார். சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "படிக்க இயலவில்லை."

"எனக்குத் தெரியும் பாய். அவளே படிச்சா. சொல்லட்டுமா?"

"சொல்லு."

அம்சம் கையைக் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் எழுப்பிவிட்ட பிள்ளை மாதிரி நின்று சொன்னாள். "அம்மா, நம்ம வீட்டுக்குக் கதவு இல்லேன்னு மழைக்கு நீ சாக்கைக் கட்டுறே. நான் டீச்சரானதும் முதல் சம்பளத்துல தேக்குல கதவு. தாழ்ப்பாள் வெளிப்பக்கம் வேண்டாம், உள்பக்கம் மட்டும் போதும். யாரு வீட்டுல இருக்கீங்களோ எனக்குத் தொறந்துவுடுங்க. அம்புட்டுத்தான் பாய். நாலு வரி."

அப்துல் வஹாப்பின் பேனா தாளுக்குமேல் நின்றிருந்தது.

"கோப்பிலே இருக்கறதைத்தாம்மா நான் எழுத முடியும்," என்றார். 'படிக்க இயலவில்லை' என்று எழுதினார். அதற்குக் கீழே நாலு வரிக்கு இடம் விட்டு, அதற்கும் கீழே 'உண்மை நகல்' முத்திரையை வைத்தார். "பத்திரமா வெச்சுக்கோ. கிழிச்சா, வெட்டினா செல்லாது."

அவள் ஊர் திரும்பும்போது மதகில் பஞ்சநதம் நின்றிருந்தார். வழி விடுவதுபோல நகர்ந்தவர் நகர்ந்து முடிக்கவில்லை.

"ஏன் பொண்ணு, அந்த மயிலைப் படம் உங்ககிட்ட இருக்கா?"

"ஆபீசுல வெச்சுக்கிட்டாங்கய்யா."

"கொம்பைத்தான் மாத்திப் போட்டுட்டா. கண்ணு அதே கண்ணு." துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வயலைப் பார்க்க நடந்தார்.

அம்சம் வாசலில் உட்கார்ந்தாள். நகலை மடியில் விரித்தாள். கத்தரிக்கோலை எடுத்தாள். தலைப்பக்கம் அகலம், முனை கூர்.

வீரையன் ஓடி வந்தான். "ஏ புள்ள! என்ன பண்றே? அரசாங்க முத்திரை இருக்குடி அதுல!"

"இருக்கட்டும்."

"வெட்டினா செல்லாதுடி."

முதல் கீற்றை ஈர்க்குச்சியில் வைத்து, எழுதிய பக்கம் உள்ளே போகும்படி இறுக்கிச் சுற்றினாள். பசை தடவி, கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். நூறு வரை எண்ண அவளுக்குத் தெரியாது. இருபது இருபதாக எண்ணினாள்.

"அவளும் முத்திரையை உள்ள வெச்சுத்தான்யா சுத்தினா," என்றாள்.

வெளியே வெறும் வெள்ளையாக ஒரு மணி. வீரையன் சரத்தின் நூலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான்.